மூக்குக்கு ஒரு சொட்டு, நாக்குக்கு ஒரு சொட்டு

அன்று காலை அப்பா என் தட்டிலிருந்த ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அது என்னுது!" என்றேன்.

"ஓரத்தைத் தின்னா முடி சுருண்டு வளரும்னு சொல்வாங்க. உனக்குத்தான் ஏற்கெனவே சுருட்டையா இருக்கே, எட்வின். எனக்குத்தான்டா அவசரம்" என்றார் அப்பா. அவருக்கு நல்ல வழுக்கை.

அம்மா சிரித்தாள். அப்பா தொப்பியை மாட்டிக்கொண்டார், கதவைக் காலால் சாத்திவிட்டுச் சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போனார். மத்தியானம், வேலை செய்துகொண்டிருந்தபோதே, அவருடைய இதயம் நின்றுபோனது. அது பிப்ரவரி மாதம். தெருவில் பனி முழங்கால் உயரம் கிடந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. தங்கை மேவிஸுக்கு ஐந்து.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் மேவிஸின் தலையைத் தடவி, "அப்பா தூங்குறாரும்மா" என்றார்கள். மேவிஸ் தலையாட்டினாள். அவள் அழவே இல்லை. கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் அழுதபோதும் அழவில்லை.

"எவ்வளவு சமத்து, பாரு!" என்றார்கள் அக்கம்பக்கத்தார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் பஸ் வந்துவிடும் என்று தெரிந்தவர்கள் நிறுத்தத்தில் நிற்பார்களே, அப்படி இருந்தாள் மேவிஸ்.

எங்கள் ஊர் ரேவன்ஷா. யார்க்ஷயர் மலைகளுக்கு நடுவே ஆற்றங்கரையில் இருக்கிறது. ஒவ்வொரு புனித வெள்ளியன்றும் எங்கள் சதுக்கத்தில் ஒரு நாடகம் நடக்கும். அதை யார் தொடங்கினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. குளிர்காலம் செத்து, வசந்தம் எழுந்து வருவதுதான் அந்தக் கதை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்.

"அதெல்லாம் இல்ல. அந்தக் காலத்துப் பசங்க வீடு வீடாப் போய் முட்டை வாங்கித் தின்ன கண்டுபிடிச்ச தந்திரம்" என்பார் இறைச்சிக்கடை ஹோராஸ் மாமா.

நாடகம் இதுதான். சிவப்புச் சேனாபதிக்கும் சூரப்புலி என்ற வீரனுக்கும் வாய்ச்சண்டை வரும். பிறகு மரவாள் சண்டை. இருவர் தலையிலும் காகிதப் பூக்களும் சின்னச் சின்ன மணிகளும் கட்டிய பெரிய தொப்பி இருக்கும். அவர்கள் குதிக்கக் குதிக்க மணிகள் குலுங்கும். கடைசியில் சேனாபதி ஒரே குத்தாகக் குத்துவார். சூரப்புலி தொப்பென்று விழுந்து செத்துப்போவார்.

அப்போதுதான் உயரமான கறுப்புத் தொப்பி வைத்த டாக்டர் வருவார். இருக்கிற பெருமையெல்லாம் அடிப்பார். பையிலிருந்து ஒரு பச்சைப் புட்டியை எடுத்து இரண்டு சொட்டு விடுவார். செத்தவர் துள்ளி எழுவார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். பிறகு கூடையை நீட்டினால் முட்டை விழும், சில்லறையும் விழும்.

எனக்குத் தெரிந்த நாளிலிருந்து என் அப்பாதான் டாக்டர். புட்டியில் இருப்பது ஆறிப்போன தேநீர். அது எனக்குத் தெரியும். மேவிஸுக்குத் தெரியாது.

போன கோடையில் அவள் ஒரு செத்த சிட்டுக்குருவியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, "அப்பா, அந்த மருந்தைக் கொடு" என்று கேட்டாள். அப்பா திணறிப்போனார். ஏதோ சொல்லித் தப்பிக்க வேண்டுமே!

"அது புனித வெள்ளி அன்னிக்கு மட்டும்தான் வேலை செய்யும் கண்ணு" என்றார்.

நான் சிரித்தேன். மேவிஸ் சிரிக்கவில்லை.

மார்ச் மாதம் ஒருநாள் பாரக்ளஃப் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் நெசவாலையில் மேஸ்திரி, நாடகத்தில் சேனாபதி. ஹோராஸ் மாமாதான் சூரப்புலி. தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார்.

"கேக்கவே சங்கடமா இருக்கு" என்றார் அம்மாவிடம். "டாக்டர் இல்லாம நாடகம் இல்ல. சூரப்புலியை யாராவது எழுப்பியாகணும். இல்லன்னா ஹோராஸ் அடுத்த வருஷம் வரைக்கும் அங்கேயே கிடப்பான்."

அம்மா என்னைப் பார்த்தாள். "இவனுக்கு எல்லா வரியும் தெரியும். அவர் முகம் மழிக்கும்போது இவன்தானே கூடக்கூடச் சொல்வான்."

"நீ செய்றியாடா, தம்பி?"

எனக்கு ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. "செய்றேன்" என்றேன்.

அவர் போன பிறகு மேவிஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணா, அந்தப் புட்டி அப்பா கையில இல்லாட்டியும் வேலை செய்யுமா?"

நான் வசனத்தை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். "செய்யும், செய்யும். வரியைத் தப்பில்லாம சொன்னா போதும்" என்றேன்.

அன்று முதல் நான் ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் மேவிஸ் மாடிப்படியில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். தங்கைக்கு நாடகத்தில் இவ்வளவு ஆசையா என்று நினைத்துக்கொண்டேன்.

புனித வெள்ளி வந்தது. அடுப்பில் பெரிய பாத்திரத்தில் ஈஸ்டர் முட்டைகள் கொதித்துக்கொண்டிருந்தன. வெங்காயத் தோலைச் சுற்றிக் கட்டி வேகவைத்தால் முட்டை ஓட்டில் பழுப்பும் பொன்னிறமுமாகக் கோலம் விழும். அம்மாவின் கையெல்லாம் வெங்காயத் தோல்.

நான் கறுப்புத் தொப்பியை வைத்துக்கொண்டேன். அது மூக்குவரை இறங்கியது. உள்ளே செய்தித்தாளைத் திணித்தேன். பிறகு பையைத் திறந்து பார்த்தேன். புட்டியைக் காணோம்.

"மேவிஸ்! புட்டியை எடுத்தியா?"

மாடிப்படியில் அவள் இல்லை.

"உன்கூடத்தானே இருந்தா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள்.

நான் நடையில் எட்டிப் பார்த்தேன். அப்பாவின் கோட்டு மாட்டியிருந்த ஆணி வெறுமையாக இருந்தது. அதற்குக் கீழே எப்போதும் கிடக்கும் அப்பாவின் வீட்டுச் செருப்பும் இல்லை.

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சிட்டுக்குருவி, புனித வெள்ளி, மாடிப்படியில் அசைந்த உதடுகள், எல்லாமே.

"நான் கூட்டிட்டு வர்றேன்மா!" என்று கத்திவிட்டுப் பையோடு ஓடினேன். கல்லறைத் தோட்டம் தெருக்கோடியில், மேட்டின் மேல் இருக்கிறது. தொப்பி விழுந்தது. எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினேன்.

மேவிஸ் அங்கேதான் இருந்தாள்.

அப்பாவின் மண்மேட்டில் இன்னும் கல் வைக்கவில்லை. அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். காலுறை முழுதும் சேறு. கோட்டை மடித்துப் புல்மேல் வைத்திருந்தாள். அதன் அருகில் செருப்பு இரண்டும் ஒழுங்காக, ஜோடியாக இருந்தன.

"ஏண்ணா இவ்வளவு லேட்டு?" என்றாள்.

"செருப்பு எதுக்கு?" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்க வாய் வரவில்லை.

"வெறுங்காலோட எழுந்து வந்தா ஜில்லுனு இருக்காதா?" என்றாள் மேவிஸ். பிறகு கவலையோடு புட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். "மூக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியல. அதான் எல்லாத்தையும் ஊத்திட்டேன். 'மூக்குக்கு ஒரு சொட்டு, நாக்குக்கு ஒரு சொட்டு' வரைக்கும் சொல்லிட்டேன். அதுக்கு அப்புறம் மறந்துபோச்சு. நீ சொல்லு."

அந்த வரி என் நாக்கின் நுனியில் இருந்தது. 'எழுந்து நில், வீரா, இன்னொரு சண்டை பாக்கியிருக்கு!' அவ்வளவுதான்.

சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. நானும் அந்த மண்மேட்டைப் பார்த்தேன்.

ஆனால் சொன்னால், மேவிஸ் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பாள். வரியைத் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைப்பாள். அடுத்த வருடமும் செருப்போடு வருவாள். 'அசடே, செத்தவங்க எழுந்திருக்க மாட்டாங்க' என்று கத்தலாம். கத்தினால் அவள் நம்ப மாட்டாள். அவள்தான் கண்ணால் பார்த்திருக்கிறாளே!

கண்ணால் பார்த்ததா? எங்கிருந்து பார்த்தாள்?

"மேவிஸ், ஹோராஸ் மாமா செத்து விழுறதை நீ பக்கத்துல பாத்திருக்கியா?"

"இல்ல. எனக்கு எப்பவும் பெரியவங்க காலுதான் தெரியும். அப்பா எழுப்பினதுக்கு அப்புறம் தொப்பி தெரியும்."

"இன்னிக்குப் பக்கத்துல வந்து பாக்குறியா? டாக்டர் பையை நீ தூக்கிட்டு வா."

அவளுக்கு ஆசை வந்துவிட்டது. ஆனாலும் யோசித்தாள். "நான் வந்துட்டா இங்க யாரு இருப்பா?"

"கோட்டும் செருப்பும் இருக்கட்டும். பாத்துட்டு நாம ரெண்டு பேரும் திரும்ப வரலாம். சத்தியமா."

தோட்டத்து வாசலில் பூவாளிக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய் ஒன்று உண்டு. அதில் புட்டியை நிரப்பினேன்.

"அது வெறும் தண்ணி!" என்றாள் மேவிஸ் திடுக்கிட்டு. "மருந்து இல்ல!"

"ஆமா, தண்ணிதான். ஹோராஸ் மாமா எழுந்திருக்காரா இல்லையான்னு நீயே பாரு."

 அவள் வழி நெடுகப் பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

சதுக்கத்தில் கூட்டம் வட்டமாக நின்றது. வாள்கள் மோதும் சத்தம் கேட்டது. நாங்கள் கால்களுக்கு நடுவே புகுந்து உள்ளே போனோம். சரியாக அப்போது சேனாபதி குத்தினார். சூரப்புலி வேடத்தில் ஹோராஸ் மாமா, "ஐயோ, போச்சே! என் கடையை யார் பாத்துக்குவா!" என்று அலறிக்கொண்டு மல்லாந்து விழுந்தார். அந்த வரி நாடகத்தில் கிடையாது. அவர் வருடா வருடம் சேர்த்துக்கொள்வார்.

"டாக்டர் எங்கே? டாக்டர்!" என்று பாரக்ளஃப் மாமா கத்தினார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் நிம்மதி வந்தது.

நான் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தொடங்கினேன்:

"பல்வலி போக்குவேன், பன்றியின் தலைவலி போக்குவேன்!
மூக்கில் முயல் புகுந்தால் வாலைப் பிடித்து இழுப்பேன்!
நேற்றுச் செத்தவனை இன்று நடக்கவைப்பேன்,
நாளை சாகிறவனை இன்றே வரச் சொல்லு!"

கூட்டம் கை தட்டியது. மேவிஸ் என்னைப் பார்க்கவே இல்லை. சூரப்புலியின் தலைமாட்டில் மண்டியிட்டு, மூக்கும் மூக்கும் இடிக்கிற அளவுக்குக் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

காகிதப் பூ ஒன்று அவிழ்ந்து ஹோராஸ் மாமாவின் மூக்குத் துளையில் உரசிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது ஆடியது. அவருடைய பெரிய வயிறு ஏறி ஏறி இறங்கியது.

"அண்ணா!" என்று மேவிஸ் கத்தினாள். "இவரு மூச்சு விடுறாரு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"செத்துட்டேன் பாப்பா. பேசாம இரு" என்றார் ஹோராஸ் மாமா, உதட்டை அசைக்காமல்.

"செத்தவங்க பேசுவாங்களா?"

"நான் இப்பத்தானே செத்தேன். சூடு இன்னும் ஆறல."

மறுபடி ஒரே சிரிப்பு. மேவிஸ் சிரிக்கவில்லை. அவர் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஆமா, சூடா இருக்கு" என்றாள் மெதுவாக. "எங்க அப்பாவுக்கு முத்தம் கொடுத்தேனே, அப்ப ஜில்லுனு இருந்தாரு."

சிரிப்பு நின்றுபோனது. சேனாபதியின் தொப்பி மணிகளும் அடங்கிவிட்டன. 

மேவிஸ் என் பக்கம் திரும்பினாள். "அப்பா மூச்சு விட்டாராண்ணா?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தேன். "இல்ல மேவிஸ். விடல."

"இவரு சும்மா விளையாட்டுக்குத்தான் செத்தாரா?"

"ஆமா. விளையாட்டுக்கு."

"அப்பா?"

"அப்பா நிஜமாவே செத்துட்டாரு."

"தூங்குறாருன்னு சொன்னாங்களே!"

"அவங்களுக்குச் சொல்லத் தெரியல."

"அப்ப அந்த மருந்து?"

"அது எப்பவுமே ஆறின டீதான்."

மேவிஸ் புட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.  பிறகு வாயைத் திறந்து அழுதாள். எத்தனை வாரத்து அழுகை அது! சதுக்கம் முழுதும் கேட்டது. முட்டைக் கூடையோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அம்மா, கூடையை யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடி வந்தாள். மேவிஸை வாரி எடுத்துக்கொண்டாள். "அழு கண்ணு. நல்லா அழு" என்றாள். அம்மாவும் அழுதாள். நானும்தான்.

ஒருவரும் அசையவில்லை. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் கடைசி வரியைச் சொல்லாமல் சூரப்புலி எழவே கூடாது. என்ன நடந்தாலும் சரி. ஒரு வருடம் ஆலங்கட்டி மழை பெய்தபோதுகூட ஹோராஸ் மாமா அசையாமல் கிடந்தாராம்.

இப்போதும் அப்படியே கிடந்தார். ஆனால் மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு வழிந்து காதுக்குள் போனது. கல் தரையின் குளிரில் அவருடைய பற்கள் தடதடவென்று அடித்துக்கொண்டன.

அந்தச் சத்தத்தைக் கேட்டு மேவிஸ் தலையைத் தூக்கினாள். அம்மாவின் தோளிலிருந்தபடியே எட்டிப் பார்த்தாள். விக்கி விக்கிச் சொன்னாள்:

"அண்ணா, அவரை எழுப்பு. பாவம், அவருக்குக் குளிருது."

"நீயும் வா" என்றேன்.

அம்மா அவளை இறக்கிவிட்டாள். மேவிஸ் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, புட்டியை வாங்கிக் கவிழ்த்தாள். மூக்குக்கு ஒரு சொட்டு. நாக்குக்கு ஒரு சொட்டு. விக்கலில் புட்டி ஆடியதால் காதுக்கும் கொஞ்சம் போனது.

"எழுந்து நில், வீரா, இன்னொரு சண்டை பாக்கியிருக்கு!" என்று நான் சொன்னேன். ஒத்திகையில்கூட அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.

ஹோராஸ் மாமா துள்ளி எழவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, தவணை தவணையாக எழுந்தார். "அஞ்சு வயசு டாக்டர், பத்து வயசு டாக்டர்! ரெண்டு பேரும் சேந்து ஒரு கிழவனை உறைய வெச்சுட்டீங்களேடா!" என்றார்.

முதலில் சிரித்தது மேவிஸ்தான். அழுகையும் விக்கலும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவ்வளவுதான், எல்லோரும் மூச்சு விட்டார்கள். கை தட்டினார்கள், மணிகள் குலுங்கின. கூடை நிரம்பி வழிந்தது. ஒரு முட்டை விழுந்து உடைந்தது, அதை ஒரு நாய் தின்றது.

நாடகக்காரர்கள் அடுத்து ஆற்றுப் பாலத்தருகே ஆட வேண்டும். பாரக்ளஃப் மாமா என் தோளில் கை வைத்தார். "நீ வீட்டுக்குப் போ தம்பி. அங்க குத்துறதும் நானே, வைத்தியமும் நானே."

"ஊர்ல பாதி டாக்டருங்க அப்படித்தான்" என்றார் ஹோராஸ் மாமா.

"திரும்பப் போகணும்னு சத்தியம் பண்ணினியே" என்றாள் மேவிஸ்.

நாங்கள் மூன்று பேரும் மேட்டில் ஏறிப் போனோம். செருப்புகள் வைத்த இடத்திலேயே இருந்தன. அம்மா அவற்றைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மேவிஸ் அவற்றை எடுத்து மண்ணைத் தட்டினாள். கோட்டை அம்மாவின் தோளில் போட்டாள்.

"அப்பாவுக்கு இதெல்லாம் வேண்டாம்மா" என்று அம்மாவுக்கு விளக்கினாள். "நீ போட்டுக்கோ. உனக்குக் குளிரும்."

அம்மா போட்டுக்கொண்டாள். கோட்டின் கை நீளமாகத் தொங்கியது. மேவிஸ் கோட்டின் ஒரு கைக்குள் தன் கையையும் நுழைத்துக்கொண்டாள். கொதிக்கவைத்த முட்டைகளில் ஒன்றை அம்மா எடுத்து வந்திருந்தாள். மூவரும் பிட்டுத் தின்றோம். உப்பு இல்லை. பரவாயில்லை.

கீழே பாலத்தருகே வாள்கள் மோதும் சத்தம் கேட்டது. டக், டக், டக். பிறகு சத்தமே இல்லை.

"செத்து விழுந்துட்டாரு" என்றாள் மேவிஸ், வாய் நிறைய முட்டையோடு.

காத்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து, ஊரே சிரிக்கிற சிரிப்பு ஒன்று கீழேயிருந்து கிளம்பியது.

"எழுந்துட்டாரு" என்றாள்.

பாலத்தருகே எழுகிற அந்தச் சிரிப்பு, மேட்டில் அப்பா இருக்கும் இடம் வரைக்கும் தெளிவாக வந்து சேரும். இன்றைக்கும் வருகிறது.